பிணைப்பு எதுவரை ஓடுகிறது? பெரும் மூலக்கூறுகளின் இயல்பை அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

காபனுக்கும் ஐதரசனுக்கும் இடையிலான ஒற்றைப் பிணைப்பை அறுக்க மோலுக்கு ஏறத்தாழ 413 கிலோயூல் வேண்டும். காபனுக்கும் காபனுக்கும் இடையிலான ஒற்றைப் பிணைப்புக்கு 347 போதும். மெதேனில் இருப்பதெல்லாம் முதல் வகை. வைரத்தில் இருப்பதெல்லாம் இரண்டாம் வகை. ஆனால் மெதேன் −161.5 பாகை செல்சியசில் கொதித்து வாயுவாகிவிடுகிறது. வைரமோ காற்றில்லாத இடத்தில் ஆயிரம் பாகையைத் தாண்டியும் அசையாமல் இருக்கிறது. வலிமை குறைந்த பிணைப்பைக் கொண்ட பொருள்தான் உறுதியாக நிற்கிறது.

"பங்கீட்டு வலுப் பிணைப்பு வலிமையானது, ஆகவே உருகுநிலை உயர்வு" என்று உயர்தர வகுப்பு மாணவர்கள் எழுதும் விடை இந்த இடத்தில் உடைந்துபோகிறது. பங்கீட்டு வலுப் பிணைப்பு என்பது அணுக்கள் இலத்திரன்களைப் பங்கிட்டு ஏற்படுத்தும் பிணைப்பு. அந்த வரி மெதேனுக்கும் பொருந்தும், தண்ணீருக்கும் பொருந்தும். பிணைப்பு எவ்வளவு வலிமையானது என்று கேட்பதை விட, அது எத்தனை திசைகளில் எவ்வளவு தூரம் அறுபடாமல் ஓடுகிறது என்று கேட்பதே சரி. வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியைத்தான் பின்தொடர்கிறேன். இலங்கை மலைநாட்டின் ஹற்றனிலோ பண்டாரவளையிலோ மாத்தளையிலோ இருந்து படிப்பவருக்கு இதற்கென ஆய்வுகூடம் தேவையில்லை. தேயிலைச் சக்கை, வெள்ளைக் கல், பென்சில், கூரையில் போட்ட நீல விரிப்பு, இறப்பர் வளையம் ஆகியவை போதும்.

முதற்படி: வலுவளவை எண்ணுங்கள்

ஒரு பொருளின் பெயரைக் கண்டதும் அதிலுள்ள அணுக்கள் ஒவ்வொன்றும் எத்தனை பிணைப்புகளை ஏற்படுத்தும் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஐதரசனுக்கு ஒன்று, ஒட்சிசனுக்கு இரண்டு, நைதரசனுக்கும் போரனுக்கும் மூன்று, காபனுக்கும் சிலிக்கனுக்கும் நான்கு.

ஒன்று மட்டும் உள்ள அணு வந்த இடத்தில் பாதை முடிந்துவிடும். மெதேனில் காபனின் நான்கு பக்கமும் ஐதரசன் வந்து அடைத்துவிட்டது. அதற்கு அப்பால் போக வழியில்லை. இரண்டு உள்ள அணு பாதையை அடுத்த அணுவிடம் கடத்திவிடும். மூன்றும் நான்கும் உள்ளவை பாதையைக் கிளைக்கச் செய்யும். அங்கேதான் தளமும் வலையும் பிறக்கின்றன.

இரண்டாம் படி: பாதையை விரலால் தொடருங்கள்

கட்டமைப்புப் படத்தை வரைந்து, ஓர் அணுவில் விரலை வையுங்கள். பங்கீட்டு வலுப் பிணைப்பின் மேல் மட்டும் விரலை நகர்த்துங்கள். சில அணுக்களோடு பாதை முடிந்தால் அது சிறு மூலக்கூறு. ஒரே திசையில் நீண்டுகொண்டே போனால் சங்கிலி. ஒரு தளம் முழுவதும் பரவினால் படலம். எல்லாத் திசையிலும் போனால் முப்பரிமாணச் சாலகம், அதாவது வலை.

இந்த வேறுபாட்டை ஒரு கோப்பைத் தேநீரிலேயே பார்த்துவிடலாம். கொழுந்தில் கஃபீனும் இருக்கிறது, செலுலோசும் இருக்கிறது. இரண்டுமே காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகியவற்றால் ஆனவை. கஃபீனில் நைதரசனும் உண்டு. கஃபீனின் மூலர்த் திணிவு 194 மட்டுமே. கொதிநீர் பட்டதும் அது இலையை விட்டு நீருக்குள் வந்துவிடுகிறது. தூய கஃபீனைச் சூடாக்கினால் ஏறத்தாழ 180 பாகையிலேயே பதங்கமாகி (உருகாமல் நேரே ஆவியாகி), குளிர்ந்த இடத்தில் வெண்ணிற ஊசிகளாகப் படியும். அப்போது கஃபீனுக்குள் இருக்கும் ஒரு பிணைப்புக்கும் ஒன்றும் நேர்வதில்லை. மூலக்கூறு முழுதாகவே ஆவியாகி, முழுதாகவே திரும்பிப் படிகிறது.

செலுலோசு ஆயிரக்கணக்கான குளுக்கோசு அலகுகள் வரிசையாகப் பிணைந்த சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் நீரை விரும்பும் ஐதரொட்சைல் கூட்டங்கள் மூன்று உண்டு. அவ்வளவு இருந்தும் அது நீரில் கரைவதில்லை. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் அந்தக் கூட்டங்களால் ஒன்றையொன்று ஐதரசன் பிணைப்பில் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. தனி ஐதரசன் பிணைப்பு ஒன்று வலிமை குன்றியதுதான். சங்கிலி நீளம் முழுவதும் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் விட்டால்தான் ஒரு சங்கிலி பிரிந்து வர முடியும். வடிகட்டியில் மிஞ்சும் சக்கையில் பெரும்பகுதி இதுதான். உலர்ந்த சக்கையைச் சட்டியில் சூடாக்கிப் பாருங்கள்: உருகாது, ஆவியாகாது, கருகும். சங்கிலிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதற்கு முன்பே, சங்கிலிக்குள் இருக்கும் பங்கீட்டு வலுப் பிணைப்புகள் அறுந்துவிடுகின்றன.

மூன்றாம் படி: உருகும்போது எது விடுபடுகிறது?

ஒவ்வொரு பொருளுக்கும் இந்தக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். தண்ணீர் கொதிக்கும்போது ஐதரசனும் ஒட்சிசனும் பிரிவதில்லை. மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு மட்டுமே விடுபடுகிறது. சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கிறது. வளியமுக்கம் குறைந்தால் கொதிநிலை இறங்குகிறது. அங்கேயும் பங்கீட்டு வலுப் பிணைப்பு எதுவும் அறுபடுவதில்லை.

இப்போது மலைநாட்டுப் பாறைக்கு வருவோம். இந்தப் பகுதியின் அடித்தளம் மிகப் பழைய உருமாறிய பாறை. சார்னொக்கைற்றும் குவார்ட்சைற்றும் அதில் ஏராளம். வீதிக்காக வெட்டிய மண்மேடுகளில் பாறைக்கு நடுவே வெண்ணிறக் கோடாக ஓடுவது பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கனீரொட்சைட்டு. ஆவர்த்தன அட்டவணையில் சிலிக்கன் காபனுக்கு நேர் கீழே இருக்கிறது. சூத்திரமும் காபனீரொட்சைட்டைப் போலவே ஒன்றுக்கு இரண்டு. அது −78.5 பாகையிலேயே பதங்கமாகும் வாயு. இது 1,700 பாகை வரை உருகாத கல். ஏன்?

காபனுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டு ஒட்சிசன்களோடு இரட்டைப் பிணைப்புகளை ஏற்படுத்திக்கொள்ளலாம். அல்லது நான்கு ஒட்சிசன்களோடு ஒற்றைப் பிணைப்புகளை ஏற்படுத்தி வலையாக விரியலாம். கணக்குப் பார்ப்போம். காபன்-ஒட்சிசன் இரட்டைப் பிணைப்பு மோலுக்கு ஏறத்தாழ 803 கிலோயூல், இரண்டுக்கு 1,606. ஒற்றைப் பிணைப்பு ஏறத்தாழ 358, நான்குக்கு 1,432. இரட்டைப் பிணைப்பே ஆதாயம். எனவே பாதை மூன்று அணுக்களோடு முடிந்து வாயு மூலக்கூறாகிறது.

சிலிக்கன் அணு பெரியது. அதன் ஒபிற்றல்கள் (இலத்திரன்கள் இருக்கும் வெளிகள்) ஒட்சிசனின் சிறிய ஒபிற்றல்களோடு பக்கவாட்டில் சரியாக மேற்பொருந்துவதில்லை. ஆகவே இரட்டைப் பிணைப்பின் இரண்டாவது பிணைப்பான பைப் பிணைப்பு வலிமை குன்றியது. இரட்டைப் பிணைப்பால் ஆதாயமில்லை. ஆனால் சிலிக்கன்-ஒட்சிசன் ஒற்றைப் பிணைப்பு மோலுக்கு 450 கிலோயூலுக்கும் மேல்; நான்குக்கு 1,800ஐத் தாண்டும். அதனால் ஒவ்வொரு சிலிக்கனும் நான்முகி வடிவில் நான்கு ஒட்சிசன்களைப் பிணைக்கிறது. ஒவ்வோர் ஒட்சிசனும் இரண்டு சிலிக்கன்களுக்குப் பொதுவாகிறது. விரலால் தொடர்ந்தால் கல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாதை அறுபடாது. இதை உருக்க வேண்டுமானால் அறுக்கக் கிடைப்பது பங்கீட்டு வலுப் பிணைப்பு மட்டும்தான். மாணவர்கள் இந்த ஒரு கணக்கை மனத்தில் பதித்துக்கொண்டால் பிணைப்பு பற்றிய அலகின் பாதிப் பாடம் தெளிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

கையில் எடுத்த வெள்ளைக் கல் குவார்ட்ஸ்தானா என்று பார்க்க, அதன் கூரிய முனையால் பழைய போத்தல் ஒன்றின் மேல் அழுத்திக் கீறுங்கள். கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸின் கடினம், 1 முதல் 10 வரையான மோஸ் அளவில் 7, கண்ணாடி 5.5 அளவு. கீறல் விழ வேண்டும். மாத்தளை, திகனைப் பக்கத்து வெண்கல் பளிங்குச் சுண்ணக்கல்லாகவும் தொலமைற்றாகவும் இருக்கக்கூடும். அவை அயன் சேர்வைகள், கடினம் 3 முதல் 4 வரை. கண்ணாடியில் கீறல் போடாது.

கவ்வாத்துக் கத்தி தீட்டும் கறுப்புச் சாணைக்கல் பெரும்பாலும் சிலிக்கன் காபைட்டு. வைரத்தின் கட்டமைப்பிலேயே ஒன்றுவிட்ட காபன் அணுக்களுக்குப் பதில் சிலிக்கனை வைத்தது போன்ற அமைப்பு. கடினம் 9க்கு மேல். உருக்கை அது தேய்ப்பதில் வியப்பில்லை.

நான்காம் படி: இலத்திரன்கள் எங்கே இருக்கின்றன?

பாதை எங்கே போகிறது என்பது உருகுநிலையையும் கடினத்தையும் சொல்லும். மின்கடத்தலைச் சொல்லாது. அதற்கு இலத்திரன்களைக் கணக்கெடுக்க வேண்டும்.

வைரத்தில் ஒவ்வொரு காபனும் தன் நான்கு வலுவளவு இலத்திரன்களையும் நான்கு சிக்மாப் பிணைப்புகளில் (ஒற்றைப் பிணைப்புகளில்) செலவழித்துவிட்டது. பிணைப்பு நீளம் 154 பிக்கோமீற்றர், கோணம் 109.5 பாகை. அலைந்து திரிய ஓர் இலத்திரனும் மிச்சமில்லை. ஆகவே மின் பாயாது. வெப்பம் பாயும், அதுவும் செம்பை விட ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாக. வைரத்தில் வெப்பத்தைக் கடத்துவது இலத்திரனன்று, அதிர்வு. இலேசான அணுக்களும் விறைப்பான பிணைப்புகளும் அறுபடாத பாதையும் சேர்ந்தால் அதிர்வு தடையின்றி ஓடும்.

காரீயத்தில் (பென்சிலில் உள்ள கிராபைற்று; ஈய உலோகமன்று) ஒவ்வொரு காபனும் மூன்று அயல்களை மட்டும் பிணைத்து அறுகோணத் தளமாகப் பரவுகிறது. நான்காவது இலத்திரன் தளம் முழுவதற்கும் பொதுவாகிறது. தளத்துக்குள் பிணைப்பு நீளம் 142 பிக்கோமீற்றர், அதாவது வைரத்தை விடக் குறுகியது, வலியது. தளத்துக்கும் தளத்துக்கும் இடையே 335 பிக்கோமீற்றர். அங்கே பங்கீட்டு வலுப் பிணைப்பே இல்லை, வந்தர்வாலின் விசை என்ற மெல்லிய ஈர்ப்பு மட்டும். இதனால் ஒரே பளிங்கு இரண்டு முகம் காட்டும்: தளத்தின் வழியே மின்னை நன்றாகக் கடத்தும், தளத்துக்குக் குறுக்கே மிகக் குறைவாகவே கடத்தும். "காரீயம் மின்னைக் கடத்தும்" என்று எழுதும்போது எந்தத் திசையில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

காரீயம் நமக்கு அயலில் இருக்கும் பொருள். கேகாலை மாவட்டத்தின் போகலவிலும் குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹவிலும் அது பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாகப் படிந்திருக்கிறது. மிக உயர்ந்த தூய்மைக்குப் பெயர் பெற்றது. சோதித்துப் பார்க்க 6பீ பென்சில் போதும். தாளில் இரண்டு சென்ரிமீற்றர் நீளத்துக்குப் பட்டையாக, பளபளக்கும் வரை அழுத்தித் தீட்டுங்கள். 9 வோற்று மின்கலம், சிறு எல்.ஈ.டி. விளக்கு, இரண்டு கம்பிகள். பென்சில் பட்டையைச் சுற்றின் ஒரு பகுதியாக்கினால் விளக்கு மங்கலாக எரியும். கம்பி முனைகளை நெருக்கினால் வெளிச்சம் கூடும். விளக்கின் நேர், எதிர் முனைகள் மாறினால் எரியாது. திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. தளங்களுக்கிடையே விசை குறைவு, அதனால் அவை வழுக்குகின்றன, அதனால் காரீயம் உராய்வுநீக்கி என்று பாடநூல்கள் சொல்வது முழு உண்மையன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின்பிறப்பாக்கிகளில் காரீயத் தூரிகைகள் வெகு விரைவில் தேய்ந்து தூளாகின. காரணம், அந்த உயரத்து வளியில் நீராவி போதாமை. தளங்களின் விளிம்பில் பிணைப்பு முடியாமல் நிற்கும் காபன் அணுக்கள் உண்டு. நீராவியும் வேறு வாயுக்களும் அவற்றில் ஒட்டிக்கொண்டால்தான் தளங்கள் எளிதில் வழுக்கும். வெற்றிடத்தில் காரீயம் நல்ல உராய்வுநீக்கி அல்ல. பாதை முடியும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது.

ஒற்றைத் தளத்தை மட்டும் பிரித்தெடுக்க முடியுமா என்ற கேள்விக்கு 2004இல் அண்ட்ரே கெயிமும் கொன்ஸ்ரன்ரின் நொவொசெலொவும் ஒட்டும் நாடாவால் விடை கண்டார்கள். கிராபீன் எனப்படும் அந்த ஒற்றைத் தளம் பற்றிய ஆய்வுக்கு 2010இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஐந்தாம் படி: சங்கிலிகளுக்கிடையே என்ன இருக்கிறது?

பல்பகுதியங்களில், அதாவது சிறு அலகுகள் திரும்பத் திரும்பப் பிணைந்த சங்கிலிகளில், பாதை ஒரு திசையில் மட்டும் ஓடுகிறது. எனவே அவற்றின் இயல்பைப் பெரிதும் தீர்மானிப்பவை சங்கிலி எவ்வளவு நீளம், சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே என்ன என்ற இரண்டும்தான். இவ்வளவு நீண்ட மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதையே வேதியியலாளர் பலர் நெடுங்காலம் நம்பவில்லை. 1920இல் ஹேர்மன் ஸ்ரோடிங்கர் அதை முன்வைத்தபோது எதிர்ப்பு கடுமையாக இருந்தது. நோபல் பரிசு 1953இல்தான் வந்தது.

லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்) கூரை ஒழுகினால் மேலே போடும் நீல விரிப்பை எடுத்துக் கண்ணருகே பிடியுங்கள். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தட்டையான நாடாக்கள் தெரியும்; அவற்றின் மேல் மெல்லிய பூச்சு. இரண்டும் பெரும்பாலும் பொலித்தீன்தான். இரண்டிலும் காபன் சங்கிலி, அதைச் சுற்றி ஐதரசன். நாடா உயர் அடர்த்திப் பொலித்தீன்: கிளையில்லாத சங்கிலிகள் நெருங்கி அடுக்கி நிற்கின்றன, 130 பாகை அளவில்தான் இளகும். பூச்சு தாழ் அடர்த்திப் பொலித்தீன்: சங்கிலிகளில் கிளைகள் இருப்பதால் நெருங்க முடியாது, 110 பாகை அளவிலேயே இளகிவிடும். பிணைப்பு ஒன்றே, அடுக்கல் வேறு. நாடா ஒன்றை உருவியெடுத்து நீளவாட்டில் இழுத்துப் பாருங்கள். கை நோகும், அறாது. அதையே அகலவாட்டில் கிழித்தால் எளிதில் நார் நாராகப் பிரியும். தயாரிக்கும்போது இழுத்து நீட்டியதால் சங்கிலிகள் நீளவாட்டில் படுத்திருக்கின்றன. நீளவாட்டில் இழுக்கும்போது சுமையைத் தாங்குவது பங்கீட்டு வலுப் பிணைப்பு. அகலவாட்டில் சங்கிலிகளுக்கிடையிலான மெல்லிய ஈர்ப்பு மட்டுமே.

அதே விரிப்பு வெயிலில் சில ஆண்டுகள் கிடந்தால் தொட்டதும் உதிர்கிறது. கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் பொலித்தீன் படங்கும் இப்படித்தான் வெடித்துப்போகிறது. புற ஊதாக் கதிரும் ஒட்சிசனும் சேர்ந்து சங்கிலிகளை ஆங்காங்கே வெட்டுகின்றன. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். ஆகவே மலைநாட்டில் இந்தச் சேதம் விரைவாகக்கூடும். வெட்டுப்பட்ட பிறகும் பொருளில் பெரும்பாலான பிணைப்புகள் அப்படியேதான் இருக்கின்றன. நூற்றில் ஒரு பங்கு கூட அறுந்திருக்காது. நீளம் போய்விட்டது, அத்தோடு வலிமையும் போய்விட்டது. ஊற்றிலிருந்து நீர் கொண்டுவரும் கறுப்புக் குழாய் வெயிலில் கிடந்தும் நீண்ட காலம் உழைப்பது, அதில் கலந்த காபன் கருமை கதிரை முன்கூட்டியே உறிஞ்சிக்கொள்வதால்.

இனி இறப்பர். 1876இல் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடத் தோட்டத்தில் முதற் கன்றுகள் நடப்பட்டன; இன்று கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலைக்கு அயலில் இறப்பர் நிற்கிறது. பால் வெட்டிச் சிரட்டையில் சேரும் திரவத்தில் இருப்பது ஐசோப்பிரீன் அலகுகளால் ஆன நீண்ட சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் மிஞ்சும் இரட்டைப் பிணைப்பு ஒருபக்க அமைப்பில் இருப்பதால் சங்கிலி வளைந்து சுருண்டு கிடக்கும். அதே அலகுகள் மறுபக்க அமைப்பில் சேர்ந்தால் கட்டப்பேர்ச்சா என்ற விறைப்பான பொருள்.

இறப்பர் வளையத்தைச் சட்டென்று இழுத்து உடனே மேலுதட்டில் வையுங்கள்: சூடாக இருக்கும். சற்றுப் பொறுத்துத் தளர்த்திவிட்டு வையுங்கள்: குளிரும். இழுக்கும்போது பிணைப்புகள் நீள்வதில்லை. சுருண்ட சங்கிலிகள் நேராகின்றன, ஒழுங்கு கூடுகிறது, எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) குறைகிறது. விட்டால் மறுபடி ஒழுங்கின்மைக்குத் திரும்புகின்றன. வளையத்தைப் பின்னிழுப்பது பெரும்பாலும் இந்த எந்திரப்பிதான்.

பதப்படுத்தாத இறப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இதைத் தீர்த்தார். கந்தக அணுக்கள் ஒரு சங்கிலியையும் இன்னொன்றையும் பங்கீட்டு வலுப் பிணைப்பால் குறுக்கே தைத்துவிடுகின்றன. நூற்றுக்கு 1 முதல் 3 வரை சேர்த்தால் நெகிழும் இறப்பர். ஏறத்தாழ 30 சேர்த்தால் எபனைற்று, அசையாத கறுப்புத் திண்மம். தையல் போட்ட பிறகு விரலால் பாதையைத் தொடருங்கள்: சங்கிலி எங்கும் முடிவதில்லை. தேய்ந்த பஸ் ரயரை உருக்கி வார்க்க முடியாததன் காரணம் இதுதான். அது கோட்பாட்டளவில் ஏறக்குறைய ஒரே மூலக்கூறு. பிரஷர் குக்கரின் பேக்லைற்றுக் கைப்பிடியும் அப்படியே. 1907இல் லியோ பேக்லண்ட் கண்ட அந்தப் பொருள் அடுப்புச் சூட்டில் இளகாது, மிஞ்சிப்போனால் கருகும். பொலித்தீனோ இளகி ஒழுகும்.

ஆறாம் படி: தெரியாத பொருளில் சோதித்துப் பாருங்கள்

பாடநூலில் விளக்காத பொருளைக் கொடுத்தாலும் இதே வரிசையில் போங்கள். போரன் நைத்திரைட்டை எடுங்கள். வலுவளவு: போரனுக்கு மூன்று, நைதரசனுக்கு மூன்று, ஐதரசன் இல்லை, எனவே பாதை முடியாது. மூன்று மூன்றாகப் பிணைந்தால் அறுகோணத் தளம். எனவே காரீயத்தைப் போல வழவழப்பாகவும் மிக உயர்ந்த வெப்பம் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். இருக்கிறது. உருக்க அறுபட வேண்டியது தளத்துக்குள் இருக்கும் பிணைப்பு. இலத்திரன்கள் எங்கே? நைதரசனின் மின்னெதிர்த்தன்மை (இலத்திரன்களை ஈர்க்கும் திறன்) கூடியதால் அவை அதன் பக்கமே கட்டுண்டு நிற்கின்றன, தளமெங்கும் அலைவதில்லை. எனவே மின் கடத்தாது, கறுப்பாகவும் இராது. உண்மையிலேயே அது வெண்ணிறத் தூள், மின்காவலி.

நைதரசன் பிணைப்பில் சேராத தன் இலத்திரன் சோடியை (தனிச்சோடியை) போரனுக்கு ஈந்தால் இரண்டுமே நான்கு பிணைப்புகளை ஏற்படுத்தி வைரத்தின் அமைப்புக்கு வரலாம் அல்லவா? உயர் அமுக்கத்தில் வரும். 1957இல் அப்படிச் செய்த கனசதுரப் போரன் நைத்திரைட்டு கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசையில் நிற்கிறது. உருக்கைக் கடைந்து அரைக்கும் வேலைக்கு வைரத்தை விட இதுவே ஏற்றது. சூடேறும்போது வைரத்தின் காபன் இரும்போடு தாக்கமுற்றுக் கரைந்துபோகும், இது போகாது.